கை உயர்த்த முடியாதவர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எனக்குப் பிடித்த சைகை ஒன்று உண்டு. எதிரணி உதைத்த பந்து ஆகாயத்தில் வந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே நிற்பவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி அசைப்பார். ‘பந்தைப் பிடிப்பேன், ஆனால் அதோடு ஓடமாட்டேன், யாரும் என்மேல் வந்து விழ வேண்டாம்’ என்பது அதன் பொருள். ஃபேர் கேட்ச் என்பார்கள். கிக்ஆஃபின்போது கோல் கோட்டுக்கும் 25ஆவது யார்டு கோட்டுக்கும் நடுவில் எங்கே நின்று இப்படிக் கை உயர்த்திப் பிடித்தாலும், பந்தை 25ஆவது யார்டில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று 2018இல் விதி வந்தது. அந்தக் கை உயர்ந்ததும் அரங்கில் பலர் சலித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வருகிறது.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். நயினார் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பதும் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும் எங்கள் பாட்டி விட்டுக்கொடுக்காத ஒழுங்குகள். பிழைப்புக்காக நியூ ஜெர்ஸி வந்து, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்புகளைக் கணக்கிடும் வேலையில் இருக்கிறேன். மகள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பேண்டில் கிளாரினெட் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் சனிக்கிழமைகளில் பிஸ்கேட்டவே அரங்குக்குப் போக ஆரம்பித்தேன். பாட்டியின் ஒழுங்குகளும் என் தொழிலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டது அந்த அரங்கில்தான். கிக்ஆஃப் என்ற அந்தச் சில விநாடிகளில்தான்.

ஆட்டம் பழகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கும்போதும், இடைவேளை முடிந்ததும், ஓர் அணி புள்ளி எடுத்த பிறகும் கிக்ஆஃப் நடக்கும். உதைக்கும் அணி தன் 35ஆவது யார்டில் பந்தை வைத்து உதைக்கிறது. எதிரணியின் கோல் கோடு அங்கிருந்து 65 யார்டு. அதற்குப் பின்னால் 10 யார்டு ஆழத்துக்கு எண்ட் ஜோன். அங்கே பந்தைப் பிடித்தவர் ஓடாமல் முழங்காலிட்டால் டச்பேக். பந்து 25ஆவது யார்டுக்கு வரும். எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால் ரிட்டர்ன். எவ்வளவு தூரம் ஓடுகிறாரோ அவ்வளவும் அணிக்குச் சொந்தம். 12ஆவது யார்டிலேயே மடக்கிவிடலாம். மைதானம் முழுக்க ஓடிப் புள்ளியும் எடுத்துவிடலாம். வழக்கமான ஆட்டத்தில் இரு வரிசையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மோதுகின்றன. கிக்ஆஃபிலோ உதைக்கும் அணியின் பத்துப் பேர் நாற்பது, ஐம்பது யார்டு முழுவேகமாக ஓடி வருகிறார்கள். அவர்களைத் தடுக்க எதிரணியினரும் வேகம் கூட்டுகிறார்கள்.

இதில் ஆள் அடிபடுவான் என்பது நேற்று தெரிந்த செய்தி அல்ல. 1892இல் ஹார்வர்ட், யேலுக்கு எதிராக, இரண்டாம் பாதியின் தொடக்க உதையில் ஆட்டக்காரர்களை ஆப்பு வடிவத்தில் சேர்த்து ஓடவிட்டது. ‘பறக்கும் ஆப்பு’ என்று பெயர் பெற்ற அந்த வியூகத்தை 1894இல் தடை செய்தார்கள். ஆனாலும் ரிட்டர்னில் சிறிய ஆப்புகள் நீண்ட காலம் பிழைத்திருந்தன. கல்லூரி ஆட்டத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நிற்கும் ஆப்பு 2010இல்தான் விலக்கப்பட்டது. இரண்டு பேர் ஆப்பு 2019 வரை இருந்தது.

என்னை உறுத்துவது உத்தி சார்ந்த இன்னொன்று. 2012இல் விதி வகுப்பவர்கள் உதைக்கும் இடத்தை 30ஆவது யார்டிலிருந்து 35க்கு முன்னகர்த்தினார்கள். டச்பேக் கிடைத்தால் பந்து 20க்குப் பதில் 25ஆவது யார்டுக்கு வரும் என்றும் மாற்றினார்கள். பந்து எளிதாக எண்ட் ஜோனுக்குப் போகட்டும், பிடித்தவரும் ஓடாமல் நிற்கட்டும் என்பதுதான் நோக்கம். 2018 விதி வரும்வரை பயிற்சியாளர்கள் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். எண்ட் ஜோன் வரை உதைத்து எதிரிக்கு 25 யார்டை ஏன் கொடுக்க வேண்டும்? பந்தை மிக உயரமாக, வேண்டுமென்றே கோல் கோட்டுக்குச் சற்று முன்னால், மைதானத்தின் ஓரத்தில் விழும்படி உதைத்தால் பிடித்தவர் ஓடியே ஆக வேண்டும். பந்து வானத்தில் இருக்கும் கூடுதல் நேரத்தில் நம் பத்துப் பேரும் நெருங்கிவிடுவார்கள். 18ஆவது யார்டில் மடக்கினால் ஏழு யார்டு லாபம். கணக்காக மட்டும் பார்த்தால் நல்ல கணக்குதான். தொழில் ரீதியாக அதை என்னால் பாராட்ட முடியும். அந்த ஏழு யார்டுக்காக எத்தனை பேரின் கழுத்து பணயம் வைக்கப்படுகிறது என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை.

2010 அக்டோபர் 16. ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், அப்போது நியூ மெடோலேண்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட அரங்கு. ரட்கர்ஸும் ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியும் 17-17 என்று சமமாக நிற்கின்றன. கடைசிக் கால்பகுதி. ரட்கர்ஸ் உதைத்தது. தற்காப்பு வரிசையில் டேக்கிளாக ஆடும் மூன்றாமாண்டு மாணவர் எரிக் லெக்ராண்ட், பந்தோடு வந்தவரை நோக்கித் தலை தாழ்த்தி மோதினார். கழுத்தின் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகள் முறிந்தன. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. பந்தோடு வந்த ஆர்மி மாணவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ரட்கர்ஸ் 23-20 என்று வென்றது.

லெக்ராண்ட் எங்கள் ஊர்க்காரர். அவர் வளர்ந்த ஏவனலும், ஓக் ட்ரீ சாலைக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் ஐஸ்லினும் ஒரே வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்தவை. வாழ்நாள் முழுக்கச் சுவாசக் கருவியோடுதான் இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லப்பட்டவர், சில வாரங்களில் தானாக மூச்சுவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில், பனி கொட்டிய ஒரு நாளில், சக்கர நாற்காலியில் தன் அணிக்கு முன்னால் மைதானத்துக்குள் வந்தார். 2014இல் பட்டம் பெற்றார். அவருடைய 52ஆம் எண்ணை 2013இல் ரட்கர்ஸ் ஓய்வு கொடுத்து வைத்தது. அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்தில் அப்படி ஒரு மரியாதை பெற்ற முதல் எண் அது.

அன்று நடந்த இம்சை யாருடையது? எனக்கு இது சட்டக் கேள்வி இல்லை. யாரும் யாரையும் முடமாக்க நினைக்கவில்லை. உதைத்தவர் உதைத்தார், ஓடியவர் ஓடினார், மடக்க வேண்டியவர் மடக்கினார். எண்ணம்தான் வினை என்று கொண்டால் இங்கே வினையே இல்லை, விபத்து மட்டுமே.

எங்கள் சமயம் இதை அவ்வளவு சீக்கிரம் மூடிவிடுவதில்லை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையான செயலால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்று வரையறுக்கிறது. பிற்கால ஆசிரியர்கள் அதை இன்னும் இறுக்கினார்கள். தரையைப் பார்த்து, அடி அளந்து நடக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி வந்து சிக்கி இறந்தால் அவர்மேல் பழி இல்லை. பார்க்காமல் நடப்பவனோ, அவன் காலில் எதுவும் சாகாவிட்டாலும் இம்சை செய்தவனாகிறான். சிறுவயதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. எதுவும் சாகாதபோது என்ன குற்றம்? காப்பீட்டில் வேலை பார்க்கத் தொடங்கியபின் இதைவிடத் தெளிவான சிந்தனை இல்லை என்று தோன்றுகிறது. ஆயிரம் பேர் ஓடும் ஒரு காரியத்தில் அடிபடப் போகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனை பேர் அடிபடுவார்கள் என்பது ஏறத்தாழத் தெரியும். எண்ணிக்கை தெரிந்த பிறகு, பெயர் தெரியாததை வைத்து ‘எதிர்பாராதது’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

அந்த எண்ணிக்கை கிக்ஆஃபுக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக், 2015 சீசனைக் கணக்கெடுத்தபோது கிக்ஆஃப் ஆட்டத்தில் வெறும் 6 விழுக்காடு. மூளையதிர்வுகளிலோ அதன் பங்கு 21 விழுக்காடு. 2016இல் அவர்கள் உதைக்கும் இடத்தை 35இலிருந்து 40ஆவது யார்டுக்கு நகர்த்தினார்கள். டச்பேக் எடுத்தால் கிடைக்கும் இடத்தை 25இலிருந்து 20க்குக் குறைத்தார்கள், எண்ட் ஜோனுக்கு உதைப்பதே உதைப்பவருக்கு லாபமாக இருக்கட்டும் என்று. டச்பேக்குகள் ஏறக்குறைய 18 விழுக்காட்டிலிருந்து 48க்கு உயர்ந்தன. ஆயிரம் கிக்ஆஃபுக்கு 10.93 என்றிருந்த மூளையதிர்வு 2.04 ஆனது. 2018இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் இது வெளிவந்தபோது அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து யார்டு. யாருக்கும் தண்டனை இல்லை, யாருக்கும் அறவுரை இல்லை. ஒரு கோடு தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இதை மகளிடம் காட்டினேன். அவள் வாதத்தில் என்னைவிடக் கெட்டி.

“அப்பா, விளையாடுறவங்களுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுதானே ஓடுறாங்க? யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலையே.”

“கை தூக்குறது யாரும்மா? பந்தைப் பிடிக்கிறவன்தானே. எதிர்ல ஓடி வர்றவன் எந்தக் கையைத் தூக்குவான்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். என் கேள்வியின் மையம் அதுதான். ரிட்டர்ன் எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு ஒருவருடையது. பல நேரம் அது அவருடையதுகூட இல்லை, எல்லைக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளருடையது. அந்த முடிவின் ஆபத்தைச் சுமப்பவர்களோ இருபத்திரண்டு பேர். லெக்ராண்ட் பந்தைப் பிடிக்க நின்றவர் அல்ல. ஓடி வந்தவர். பந்து காற்றில் இருந்த அந்த நான்கைந்து விநாடியில் அவர் செய்யக்கூடிய தேர்வு எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்தில் வேறொருவர். ஆபத்தை ஏற்பதற்குச் சம்மதம் என்று ஒன்று இருக்குமானால், அதை மறுப்பதற்கும் ஒரு வழி இருக்க வேண்டும். கிக்ஆஃபில் அந்த வழி ஒரே ஒரு ஆளின் கையில் இருக்கிறது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்று வழியாகவும் இம்சை நம்மைச் சேரும் என்பது பாட்டி அடிக்கடி சொல்வது. செய்பவன் ஆட்டக்காரன். செய்விப்பது உத்தி வகுக்கும் பயிற்சியாளரும் விதி வகுக்கும் அமைப்பும். உடன்படுவது, ரிட்டர்ன் தொடங்கியதும் எழுந்து நின்று கூவுகிற ஐம்பதாயிரம் பேர். அவர்களில் நானும் ஒருவன்; நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போகிறேன். தமிழில் இந்த வாதத்தை மிகக் கூர்மையாக நடத்தியவள், அதே பெயருள்ள சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி. பௌத்தர்களோடு அவள் புலால் பற்றி வாதிடுகிறாள். நான் கொல்லவில்லை, பிறர் கொன்று விற்பதைத் தின்கிறேன் என்பவனை அவள் விடுவதில்லை. வாங்குகிறவன் இருப்பதால்தான் கொல்கிறவன் இருக்கிறான். திருக்குறளின் புலால் மறுத்தலும் இதே இடத்தைத் தொடுகிறது. அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது நான் வாங்குகிறவன். இதை ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை.

நீலகேசியின் கதை எப்படித் தொடங்குகிறது என்பதும் இங்கே பொருந்துகிறது. அரசியின் வேண்டுதலுக்காகக் காளி கோயிலில் பலியிட விலங்குகளைக் கொண்டுவருகிறார்கள். முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருள்ள விலங்குக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவங்களைப் படையுங்கள் என்கிறார். வேண்டுதலும் நிறைவேறுகிறது, எந்த உயிரும் போகவில்லை. பலி இழந்த தெய்வம் கோபித்து, முனிவரை மிரட்ட நீலியை அழைக்கிறது. மிரட்ட வந்த அவளே அவர் மாணவியாகி, நீலகேசி ஆகிறாள். டச்பேக்கை எதற்கும் உதவாத சடங்கு, வெறும் விளம்பர இடைவேளை என்று பலர் திட்டும்போது எனக்கு அந்த மண் உருவங்கள்தான் ஞாபகம் வருகின்றன. பந்து பறக்கிறது, அரங்கு எழுந்து நிற்கிறது, பேண்டு முழங்குகிறது, இருபத்திரண்டு பேரும் நடந்தே திரும்புகிறார்கள். சடங்கு சடங்காகவே இருக்கட்டும். அதில் குறை என்ன?

குறை உண்டு என்பாள் மகள், பழைய ஆட்டம் ஒன்றைக் காட்டி. 1982 நவம்பர் 20, பெர்க்லி. ஸ்டான்ஃபோர்ட் 20-19 என்று முன்னிலை. மிச்சம் நான்கு விநாடி. ஸ்டான்ஃபோர்ட் தரையோடு உருளும்படி உதைத்த பந்தைப் பெர்க்லியின் கலிபோர்னியா அணி எடுத்தது. மடக்கப்படும்போதெல்லாம் பக்கத்தில் வருபவருக்குத் தள்ளி, ஐந்து கை மாறி, ஆட்டம் முடிந்துவிட்டது என்று மைதானத்துக்குள் புகுந்த ஸ்டான்ஃபோர்ட் பேண்டின் நடுவே ஓடிப் புள்ளி எடுத்தது. கடைசியில் பந்தோடு வந்த கெவின் மோன், எண்ட் ஜோனில் நின்ற டிராம்போன் கலைஞர்மேல் மோதினார். 25-20. பேண்டு வாசிக்கும் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய புராணம் இல்லை. அந்தக் காணொளியை நானும் பார்க்கிறேன். பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. முடிவு தெரியாத ஒன்றை நோக்கி மனிதன் ஓடுவதில் ஓர் அழகு இருக்கிறது. அதை மறுக்கும் அகிம்சை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த அழகுக்குக் காரணம் ஐந்து கை மாறிய சாதுரியமும் பேண்டின் குழப்பமும்தான். ஐம்பது யார்டு ஓடிவந்து இருவர் தலை மோதுவது அதில் இல்லை. இரண்டும் ஒரே கிக்ஆஃபில் இருப்பதால் ஒன்றைக் காப்பாற்ற மற்றதையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வேறொரு ஐயம் எனக்கே உண்டு. கோட்டைத் தள்ளிப்போட்டுப் பெற்ற அகிம்சை அகிம்சைதானா? ஐவி லீக்கில் யாருடைய மனமும் மாறவில்லை. உதைப்பவர் தன் லாபத்தைத்தான் பார்க்கிறார். லாபம் இருக்கும் இடம் மாறியிருக்கிறது. கருணை இல்லாத இடத்தில் காயம் மட்டும் குறைந்தால் அறத்தின் கணக்கில் அதற்கு என்ன இடம்? நெடுநாள் யோசித்து, எங்கள் இல்லறத்தாருக்கான விரதங்களிலேயே விடை கண்டேன். திக்விரதம் என்று ஒன்று உண்டு. இந்தத் திசையில் இவ்வளவு தூரத்துக்கு மேல் போகமாட்டேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது. அருங்கலச்செப்பு என்ற எங்கள் அறநூல் அதை இல்லறத்தானின் கடமைகளில் வைக்கிறது. எல்லைக்கு அப்பால் அவன் போகாததாலேயே அங்கே அவனால் எந்த உயிருக்கும் கேடு இல்லை. அந்த எல்லைக்குள் அவன் மனம் எப்படி இருக்கிறது என்று விரதம் கேட்பதில்லை, தூரத்தைத்தான் அளக்கிறது. மனம் பக்குவப்படும்வரை உயிர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்த ஆசிரியர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். 40ஆவது யார்டு அப்படி ஒரு எல்லை.

லெக்ராண்ட் ஆட்டத்தை வெறுக்கவில்லை. ரட்கர்ஸ் ஆட்டங்களுக்கு வானொலியில் பேசியிருக்கிறார். முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார். வுட்பிரிட்ஜில் தன் பெயரில் காபிக் கடை திறந்தார். அடிபட்டவரே மன்னித்துவிட்டார், உனக்கென்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அவருடைய மனநிறைவு அவர் சம்பாதித்தது. அதை எடுத்து, அடுத்து ஓடப்போகிறவருக்கு நான் உத்தரவாதமாகக் கொடுக்க முடியாது.

அன்று ரட்கர்ஸ் பயிற்சியாளராக இருந்த கிரெக் ஷியானோ பின்னர் ஒரு மாற்றுத் திட்டம் சொன்னார். கிக்ஆஃபே வேண்டாம், புள்ளி எடுத்த அணி தன் 30ஆவது யார்டில் நான்காம், அதாவது கடைசி வாய்ப்பு, 15 யார்டு தேவை என்ற நிலையில் பந்தைப் பெறட்டும். பெரும்பாலும் அவர்கள் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள்; அதுதான் பன்ட். பின்தங்கிய அணி துணிந்தால் 15 யார்டு முயன்று பந்தைத் தக்கவைக்கலாம். பன்ட்டில் இரு அணிகளும் நெருங்கி நின்று தொடங்குவதால் எதிரெதிராக நீண்ட தூரம் ஓடி மோதுவது குறைவு. உத்தியும் போகவில்லை, துணிச்சலுக்கும் இடம் இருக்கிறது. எனக்கு இந்தத் திட்டம் பிடித்திருக்கிறது. அது வரும்வரை, கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் ஐவி லீக் வழியிலேயே உதைக்கும் கோடு தள்ளிப்போகட்டும் என்பேன்.

மகளுக்கு இதில் வேறு வருத்தம். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரும் மாணவர்களுக்குக் களமிறங்கக் கிடைப்பது பெரும்பாலும் கிக்ஆஃப் போன்ற இடங்கள்தான். 1983இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில், சாதாரண மாணவர்களை மட்டுமே வைத்து ஒரு கிக்ஆஃப் அணியை உருவாக்கினார். அந்தப் பையன்களுக்கு வாழ்நாள் பெருமை அது. அந்தக் கதவை மூடிவிடாதீர்கள் என்கிறாள். ஷியானோ திட்டத்தில் கதவு மூடவில்லை. பன்ட் அணிக்கும் பதினோரு பேர் வேண்டும். ‘பன்ட்லயும் கழுத்து முறியும்ப்பா’ என்கிறாள். முறியலாம். அப்படியானால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும், எண்ணிக்கை கூடினால் அங்கேயும் கோட்டை நகர்த்த வேண்டும். போன வாரம் அவள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.